பள்ளத்தாக்கில் வெயில்

1

ஓகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று, காலை ஒன்பதரை. இந்தக் கதை அப்போது என் கையில் தரப்பட்டது. வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கதை என்று தெரிந்திருக்கவில்லை.

தரப்பட்டது ஒரு கைபேசி. தந்தவர் யோகமலர் அக்கா. சில்க்போர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் இருபது வருடமாக வேலை செய்கிறார். நான் அங்கே விக்கார். அதாவது யாருக்காவது காய்ச்சல் வந்தால் பதிலுக்கு அழைக்கப்படுகிறவன். தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு டென்மார்க் வைத்திருக்கும் இடம் அது. குறை சொல்லவில்லை. காய்ச்சல் அடிக்கடி வருகிறது.

கைபேசியில் இரண்டு நிமிடக் காணொளி. அமெரிக்காவில், அரிசோனாப் பாலைவனத்தில், ஒரு பல்கலைக்கழகக் கூரையில் ஒரு கமரா மலையைப் பார்த்தபடி நிற்கிறது. விடியலிலிருந்து பொழுதுபடும்வரை அது காண்பதைச் சுருக்கி இணையத்தில் போடுகிறார்கள். அங்கே இரவாகும்போது இங்கே விடிந்திருக்கும். ஆகவே அக்கா இடைவேளையில் பாண் சாப்பிட்டபடி பார்ப்பது எப்போதும் நேற்றைய வானம்.

முதலில் வெறும் மலை. மண்ணிறம். பிறகு உச்சியில் ஒரு வெள்ளைப் புள்ளி. புள்ளி தடிக்கிறது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்கின்றன. அடி கறுக்கிறது, தலை மேலே போய்க்கொண்டே இருக்கிறது.

"பொங்குது பாரும், தம்பி," என்றார் அக்கா. "எந்தப் பக்கம் வழியுது?"

தைப்பொங்கலன்று பானையைப் பார்ப்பதுபோலத்தான் அவர் முகிலைப் பார்ப்பார். முகிலின் தலை எதிலோ முட்டியதுபோலத் தட்டையாகி ஒரு பக்கம் சரிந்தது. அது சூரியன் வந்த பக்கம்.

"கிழக்கை, அக்கா."

"அப்ப நல்லது."

மலைமேல் சாம்பல் நிறத்தில் மழை இறங்கியது. மின்னல் ஒரு தடவை படத்தை வெளுத்தது. பள்ளத்தாக்கில் கடைசிவரை வெயில். பிறகு கலைந்து, இருட்டி, முடிந்தது. அக்கா சின்னவிரலால் திரையின் இடது மூலையைத் தொட்டுத் துடைத்தார். பாண் துகள் என்று நினைத்தேன்.

[கடைசி இரண்டு வாக்கியங்களையும் நினைவில் வைத்திருங்கள். ஒழுங்கான கதையில் ஆசிரியர் இப்படிக் கேட்கமாட்டார். எனக்கு ஒழுங்கில் இப்போது அக்கறை இல்லை.]

2

கதை என்று தெரிந்த பிறகு எழுதிய முதல் தொடக்கம்:

"பாலைவனத்தில் கோடை மழை என்பது—"

நிறுத்திவிட்டேன். நான் பாலைவனம் பார்த்ததில்லை. ஹொல்ஸ்டெப்ரோவுக்கு மேற்கே, கடற்கரையில், மணல்மேடு பார்த்திருக்கிறேன். அதிலும் புல் முளைத்திருந்தது.

இரண்டாவது:

"யோகமலர் முகில்களை நேசித்தாள்."

இந்தப் பெண்ணை நான் நம்பவில்லை. இருபது வருடம் உருளைக்கிழங்கு சீவியவர் வேற்றூர் வானத்தை ஒவ்வொரு காலையும் சும்மா பார்ப்பாரா? சும்மா பார்ப்பது கதைகளில் வரும் பெண்கள். அவர்களுக்குக் கால் வலிப்பதில்லை.

மூன்றாவது:

"அவருடைய மகன் நிர்மலன் அங்கே மழையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறான்."

இது உண்மை. சென்ற வியாழன்வரை உண்மை.

மகன் இருக்கும் ஊரின் மழையைத் தாய் பார்க்கிறார். நியாயமான காரணம். ஆனால் தாயும் மகனும் ஜூன் மாதத்திலிருந்து பேசவில்லை. மகள் அஜந்தினிக்குக் கலியாணம் முற்றாகியிருந்தது. ஆடி கழிந்து ஆவணியில்தான் நாள். பிரெடெரிசியாவில் மண்டபம் கிடைத்ததும் அந்த நாளுக்குத்தான். நிர்மலன் வர முடியாது என்றான். அந்தப் பாலைவனத்தில் முகில் திரள்வதே ஆடி, ஆவணியில். அதற்காகத்தான் அவனுக்குச் சம்பளம்.

அக்கா தொலைபேசியில் சொன்ன பதிலை ஓர் இடைவேளையில் எனக்கே சொல்லிக் காட்டினார். சிரித்தபடிதான் சொன்னார்.

"கூடப்பிறந்தவளின்ரை தாலியை விட உனக்கு மழை பெரிசோ? அப்ப மழையோடையே இரு எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன், தம்பி. வைச்ச கையோடை ஃபோனை அணைச்சும் போட்டன்."

"பிறகு எடுக்கேல்லையோ?"

"அவன் எடுக்கட்டுமன். நான் பெத்தனான்."

அவன் எடுக்கவில்லை. அவனும் அவர் பெற்ற பிள்ளைதானே.

3

ஞாயிறு பின்னேரம் அக்காவின் கணவர் இராசநாயகம் அண்ணை என் வீட்டுக்கு வந்தார். பன்றி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சப்பாத்தைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றார்.

"தம்பி, கலியாண வாழ்த்து ஒண்டு வேணும்."

"ஓம் அண்ணை, அக்கா சொன்னவா. உள்ளை வாங்கோ."

"கல்வெட்டும் ஒண்டு வேணும்."

[கல்வெட்டு என்றதும் தமிழ்நாட்டு வாசகர் அரசர்களை நினைப்பார். எங்களுக்கு அது ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் கொடுக்கும் சிறு புத்தகம். இறந்தவரின் படம், பிறந்த ஊர், சில புலம்பல் பாடல்கள். இந்த நாட்டில் என்னை எழுத்தாளன் என்று யாராவது அறிந்தால் வாழ்த்தாலும் கல்வெட்டாலும்தான். என் வாசகர்கள் மணமக்களும் இறந்தவர்களும். இரு பகுதியாரும் வாசிப்பதில்லை.]

"ஆருக்கு அண்ணை?"

"நிர்மலனுக்கு."

அவர் என் சப்பாத்துத் தட்டைப் பார்த்துப் பேசினார்.

"வியாழக்கிழமை. ஆத்திலை தண்ணி அளக்கிற கருவி பாக்கப் போனவன். கூட வேலை செய்யிற ஒருத்தன்ரை வாகனத்திலை. காய்ஞ்ச ஆறு. தண்ணியே இல்லையாம். மழை தூரத்திலை, மலையிலை. இவன் நிண்ட இடத்திலை வெயில் எண்டு சொல்லுறாங்கள், தம்பி. நல்ல வெயிலாம். பின்னாலை தண்ணி வந்திருக்கு."

"அக்கா?"

"தெரியாது. பிள்ளைக்கும் தெரியாது. வாற சனிக்கிழமை தாலி. அது முடியட்டும்."

"அண்ணை, சாவுத் துடக்கு—"

"கேட்டால்தானே துடக்கு." அவர் இதை யோசித்து வைத்திருந்தார். "தூர தேசத்துச் சாவுக்குக் கேட்ட நாளிலை இருந்துதான் கணக்கு. அவையள் கேக்கேல்லை. நான் கேட்டிட்டன். நான் ஒருத்தன் சுமக்கிறன்."

"நீங்கள்தானே தாரை வார்க்க வேணும்."

"ஓம்."

பிறகு மற்றக் காரணத்தைச் சொன்னார். மாப்பிள்ளையின் வீட்டில் ஒரு சாவு வந்து கலியாணம் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போனது. "இனியும் தள்ளினால் ராசியில்லாத பெட்டை எண்டு கதை கட்டிவிடுவினம். எங்கடை சனத்தை உமக்குத் தெரியாதே."

தெரியும்.

ரொறன்ரோவிலிருந்து அவருக்கு மருமகன் முறையான உறவினர் ஒருவர் போய் உடலை அடையாளம் காட்டியிருந்தார். கலியாணம் முடிந்து திங்கட்கிழமை எல்லோரும் புறப்படுவது என்று திட்டம். அதுவரை உடல் குளிர்பெட்டியில்.

"முப்பது வருசம் நான் ஐசுக்குள்ளை இறைச்சி தள்ளினவன், தம்பி," என்றார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை.

"ரெண்டையும் ஏன் அண்ணை இப்பவே? கல்வெட்டுக்கு நாள் கிடக்கே."

"இப்ப எனக்குக் கதைக்க ஏலும். பிறகு ஏலாது."

படியிறங்கும்போது திரும்பினார். "வாழ்த்திலை நிர்மலன்ரை பேர் கட்டாயம் வரவேணும். இல்லாட்டி மனுசி கண்டுபிடிச்சிடும்."

4

அன்று மாலை வியாழக்கிழமைக் காணொளியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். வெள்ளி காலை அக்கா காட்டிய அதே காணொளி. கிழக்கே பொங்கி வழிந்த அதே முகில்.

இந்தப் பகுதி கட்டுரையாக இருக்கும். விரும்பாதவர் தாண்டிப் போகலாம்.

கோடையில் தெற்கிலிருந்து ஈரக்காற்று அந்தப் பாலைவனத்துக்கு வருகிறது. வருவது கண்ணுக்குத் தெரியாது. காலையில் வானம் துடைத்துவைத்ததுபோல இருக்கும். வெயில் மலைச்சரிவுகளைச் சுடவைக்க, காற்று சரிவு வழியே ஏறுகிறது. ஏறினால் குளிர்கிறது. குளிர்ந்தால் முகில். அதனால்தான் முதல் புள்ளி எப்போதும் உச்சியில். மதியத்துக்குள் அது மலையைவிட உயரமாகிவிடும். பிறகு தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் விழுகிறது.

சில நாட்களில் மழை நிலத்தைத் தொடுவதே இல்லை. முகிலிலிருந்து புறப்பட்டு, வழியிலேயே உலர்ந்து, இல்லாமல் போகிறது. பார்த்தால் வானத்திலிருந்து கிழிந்த துணி தொங்குவதுபோல இருக்கும். [இதை உவமையாக்கச் சொல்லிக் கை அரிக்கிறது. தாயும் மகனும், சொல்லாத சொல், இத்தியாதி. செய்யமாட்டேன். அது வெறும் மழை.]

தொடுகிற நாட்களில், சுட்ட மண் நீரைக் குடிப்பதில்லை. எல்லாம் ஓடுகிறது. வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறுகள் வழியே, மழை பெய்யாத இடங்களுக்கு. கீழே நிற்பவருக்கு மேலே நீலவானம். தோளில் வெயில். ஓசை மட்டும் வரும். அதைக் காற்று என்று நினைக்க நேரம் இருக்கும்.

நிர்மலனுக்கு இதெல்லாம் தெரியும். அதைப் படித்தவன். படித்ததனால்தான் அங்கே நின்றான்.

5

திங்கள் மாலை வாழ்த்து எழுத உட்கார்ந்தேன். கலியாண வாழ்த்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் விநாயகர், பிறகு பெற்றோர், பிறகு மணமக்களின் உடன்பிறந்தோர், கடைசியில் பதினாறு பேறும் பெற்று.

"அன்பு அண்ணன் நிர்மலன்—"

"கடல் கடந்தும் வாழ்த்துரைக்கும்—"

"தூர இருந்து—"

மூன்றையும் வெட்டினேன். பொய் எழுதுவது எனக்குப் புதிதல்ல, தொழிலே அதுதான். மனைவியை அடித்தவரைக் கல்வெட்டில் இல்லறச் செம்மல் என்று எழுதியிருக்கிறேன். அந்த மனைவிதான் எழுதச் சொன்னார். ஆனால் அவையெல்லாம் கேட்பவருக்குத் தெரிந்த பொய்கள்.

அப்போது அஜந்தினி தொலைபேசியில் வந்தாள். இங்கே பிறந்தவள். பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை. என்னோடு தமிழில் தொடங்குவாள்.

"அண்ணா, அந்த வாழ்த்திலை அவன்ரை பேர் இருக்கோ?"

"ஓம் பிள்ளை. அப்பா போடச் சொன்னவர்."

"எடுத்துவிடுங்கோ. வராதவனுக்கு என்ன பேர்? வெள்ளிக்கிழமை என்ரை சாறியைப் படம் எடுத்து அனுப்பினனான். பாக்கவேயில்லை. மலையிலை சிக்னல் இல்லையாம், அப்பா சொல்லுறார். அப்பாவுக்கு என்ன தெரியும் சிக்னலைப் பற்றி?"

பிறகு டெனிஷ் மொழிக்கு மாறினாள். கோபம் வந்தால் அவளுக்கு அந்த மொழிதான். தமையன் வேண்டுமென்றே செய்கிறான், கலியாணத்துக்குப் பிறகு ஒரு வருடம் அவனோடு பேசப் போவதில்லை, என்றாள். "ஒரு முழு வருடம். எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் எழுதுறனீங்கள்தானே."

எழுதி வைத்திருக்கிறேன். இதோ.

தகப்பன் பேரைப் போடு என்கிறார். மகள் எடு என்கிறாள். செவ்வாயும் புதனும் அண்ணை மறுபடி வந்தார். அச்சுக்கு முன் அந்த வரியைத் தன் கண்ணால் பார்க்கவேண்டுமாம். "அன்பு அண்ணன் நிர்மலன் ஆசியுடன்" என்று எழுதியிருந்தேன். அவர் அதை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

"காணும்," என்றார்.

கல்வெட்டில் ஒரு வரிகூட வரவில்லை. பெயர் எழுதிய கோப்பு திறந்தபடி கிடக்கிறது.

6

இதை வியாழக்கிழமை மாலை எழுதுகிறேன். சனிக்கிழமை இன்னும் வரவில்லை. நீங்கள் வாசிக்கும்போது அது முடிந்திருக்கும். நீங்களும் நேற்றைய வானத்தைத்தான் பார்க்கிறீர்கள்.

ஆகவே முடிவுகளை நானே செய்து பார்த்தேன்.

ஒன்றில், யாரோ மண்டபத்தில் உளறிவிடுகிறார்கள். மேளம் நிற்கிறது. எங்கள் சனம் இருக்கிற மண்டபத்தில் இது நடக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அதனாலேயே இதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஊர்வாய் செய்கிற வேலையைக் கதை செய்யக்கூடாது.

இன்னொன்றில், தாலி ஏறுகிறது. எல்லோரும் சாப்பிடுகிறார்கள். ஞாயிறு காலை இராசநாயகம் அண்ணை மனைவியை உட்காரவைத்துச் சொல்கிறார். அவர் திட்டம் இது. இதில் அக்கா கேட்கக்கூடிய முதல் கேள்வியை நான் எழுதிப் பார்த்தேன். "எப்ப தெரியும் உங்களுக்கு?" அதற்கு அண்ணை என்ன

[விட்டுவிட்டேன்.]

மூன்றாவதில் நான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை, முதியோர் இல்லத்தின் பணியாளர் அறையில். இதை எழுதியபோது "நான்" என்ற பாத்திரம் திடீரென்று நல்லவனாகி, குரல் தழுதழுத்து, அக்காவின் கையைப் பிடித்தது. அழித்தேன். அந்த ஆள் நான் இல்லை. அதோடு வெள்ளியிலிருந்து அக்காவுக்கு விடுமுறை.

நான்காவது முடிவு இன்று காலை நடந்தது. அதை நான் செய்யவில்லை. அதன் கடைசியில் ஒரு கேள்வி வரும். விடை மூன்றாம் பகுதியில் இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். சொல்வதா, சொல்வதானால் எப்படி என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வாழ்த்தும் கல்வெட்டும் எழுதுகிறவன்.

7

அக்கா பயத்தம் பணியாரம் கொண்டுவந்திருந்தார். டெனிஷ்காரப் பெண்கள் இரண்டிரண்டாக எடுத்துக்கொண்டு "தில்லுக்க, தில்லுக்க" என்று வாழ்த்திவிட்டு வேலைக்குப் போனார்கள். அறையில் நாங்கள் இருவரும்.

"நீரும் எடும். பல்லுக்குப் பயமெண்டால் பாலிலை நனைச்சுச் சாப்பிடும்."

எடுத்தேன். அவர் கைபேசியை மேசையில் வைத்தார்.

"பாரும்."

மலையைப் பார்த்தேன். புள்ளி, முகில், கறுப்பு.

"மலையை விடும். கீழை பாரும். இடப்பக்கம்."

படத்தின் இடது மூலையில், பல்கலைக்கழகத்தின் வாகனத் தரிப்பிடம். வரிசையாகக் கார்கள். நகத்தின் அளவில் ஒன்று சிவப்பு.

"அது அவன்ரை. காலமை வரும், பின்னேரம் போகும். என்னோடை கதைக்காட்டி என்ன, கார் வந்திட்டு எண்டால் பிள்ளை எழும்பி வேலைக்கு வந்திட்டான். கார் போட்டுது எண்டால் வீட்டை போட்டான். எனக்கு அது காணும். நீங்கள் எல்லாரும் நான் மழை பாக்கிறன் எண்டு நினைச்சியள்."

"ஓம் அக்கா."

"எனக்கேன் அந்த ஊர் மழை?"

அவர் திரையைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். வெள்ளி. சனி. ஞாயிறு. இரண்டு நிமிடத்தில் ஒரு பகல். மற்றக் கார்கள் வந்து, நின்று, மறைந்தன. சிவப்புக் கார் அசையவில்லை. அதன் நிழல் மட்டும் மேற்கே கிடந்து, சுருங்கி, கிழக்கே நீண்டது. அடுத்த நாளும் அதே. திங்கட்கிழமை தரிப்பிடத்திலும் மழை பெய்தது. காரின் தூசி கழுவப்பட்டது.

"செவ்வாய்க்கிழமையைப் பாரும்."

காரின் முன்பக்கத்தில் மஞ்சளாக, வெள்ளையாக, ஏதோ.

"பூ," என்றார் அக்கா. "முதல் நினைச்சன், பேயன் காருக்குப் பூசை செய்திருக்கிறானாக்கும் எண்டு. சந்தோசப்பட்டன் தம்பி. கோயில் வாசலே மிதியாதவன் இப்பதான் திருந்தியிருக்கிறான் எண்டு. ஆறுதலா ஒரு தேத்தண்ணி போட்டுக் குடிச்சன். குடிக்கேக்கைதான் யோசிச்சன், அந்த ஊரிலை பூசை செய்ய ஆர் இருக்கினம்? வெள்ளைக்காரன் எதுக்குக் காருக்குப் பூ வைப்பான்?"

"அக்கா—"

"பொறும். ஒரு வாழ்த்துக்கு என்ரை மனுசன் மூண்டு தரம் உம்மட்டை வந்தவர். சபைக்கு முன்னாலை ஒரு வரி வாசிக்கச் சொன்னால் ஓடுற மனுசன். நான் பைத்தியமே?"

வெளியே பாத்திரம் கழுவும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. அவர் பணியாரப் பெட்டியை மூடினார். திறந்து, ஒன்றைச் சரியாக அடுக்கி, மறுபடி மூடினார்.

"அவருக்குச் சொல்லிப்போடாதையும். எனக்குத் தெரியாது எண்டு நினைச்சுத்தான் அந்த மனுசன் நிமிர்ந்து நிக்குது. சனிக்கிழமை நான் கூறை மடிப்புப் பிடிச்சுவிட்டு அவளுக்குப் பக்கத்திலை நிப்பன். சிரிப்பன். படம் எடுப்பினம். அதெல்லாம் எனக்கு ஏலும்."

"ஏன் அக்கா?" என்றேன். கதாசிரியன் கேட்கிற கேள்வி. வெட்கமாக இருந்தது.

"மற்றவளையும் நான் வாயாலை கெடுக்கிறதே?"

கைபேசியைத் தன் பக்கம் திருப்பி, சென்ற வியாழக்கிழமைக்குப் போனார். முகில் உச்சிக்கு ஏறிச் சரிந்து, மழை இறங்கும் இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். படம் நின்றது. மேலே மலை கறுப்பாக. கீழே பள்ளத்தாக்கு பளிச்சென்று. இரண்டுக்கும் நடுவில் கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோடு.

"அவனை மழையோடையே இரு எண்டு சொன்னது நான்," என்றார். "உமக்கு மனுசன் எல்லாம் சொல்லியிருப்பார். ஒண்டு மட்டும் சொல்லும், தம்பி. பொய் சொல்லாதையும், எழுதுற மாதிரிச் சொல்லாதையும். அவன் நிண்ட இடத்திலை மழையே, வெயிலே?"